பொம்மைக்கு மாட்டியாச்சா?

முனிரத்தினம் அன்று காலை கொக்கியை ஏன் மாட்டினார்?

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. மாட்டினார், அதனால் இன்று நல்லபடியாக இருக்கிறார், அது போதாதா என்று என் கணவர் கேட்கிறார். போதும்தான். ஆனால் கட்டட வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஒருவர் எதனால் கற்றுக்கொண்டார் என்பதே தெரியாவிட்டால் அடுத்தவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இந்தப் பக்கத்தில் எழுத எனக்குத் தகுதி உண்டா என்று நிறைய யோசித்தேன். ஓய்வு பெறும் வயது எனக்கு ஆகவில்லை. மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். அவளுக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. இருந்தாலும், என் இடத்துக்கு வந்த கீர்த்தனா என்ற பெண் போன மாதம் போன் செய்து இப்படிக் கேட்டாள்:

"அக்கா, இங்க ஒருத்தரும் பெல்ட் மாட்ட மாட்றாங்க. உங்க சைட்ல மட்டும் எப்படி மாட்னாங்க? அந்த டெக்னிக்கைக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"டெக்னிக் ஒண்ணும் இல்லம்மா. ஒரு பொம்மை விழுந்துது, அவ்ளோதான்" என்றேன்.

"அக்கா, சிக்னல் சரியில்ல, மறுபடி சொல்லுங்க" என்றாள்.

மறுபடி சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் பொதட்டூர்பேட்டைக்காரி. நைனா விசைத்தறி வைத்திருக்கிறார். சிவில் டிப்ளமா முடித்து, சென்னையில் ஒரு வருடம் பாதுகாப்புப் படிப்பு படித்து, நாலைந்து இடங்களில் உதவியாளராக அலைந்து, கல்யாணம் ஆகித் திருத்தணிக்கு வந்தேன். அதே சமயம் எங்கள் நிறுவனத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு பெரிய வேலை கிடைத்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கான ஐந்து மாடி விடுதி. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அந்தத் தளத்துக்கு நான்தான் பாதுகாப்புப் பயிற்சியாளர் என்று சொன்னபோது மகிழ்ச்சியில் தூக்கம் வரவில்லை. பிறகு பயத்தில் வரவில்லை.

எனக்கு மேலதிகாரி பரந்தாமன் சார். பல தளங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. அரக்கோணத்தில் வீடு. வாரத்தில் ஓரிரு நாள் மின்சார ரயிலில் வந்து இறங்கி, நிலையத்துக்கு வெளியே ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நடந்தே வருவார். தளத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவர் பார்ப்பது எதிரே வருகிறவரின் காலை. செருப்பா, ஷூவா, ஷூ என்றால் கயிறு கட்டியிருக்கிறதா. அடுத்ததாக, "இன்னா சாப்ட்ட?" என்று கேட்பார். "டீ" என்று பதில் வந்தால், "போய் நாலு இட்லி சாப்ட்டு வா, அப்புறம் ஏறு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். மேஸ்திரிகள் முணுமுணுப்பார்கள். அவர் கடலையை நீட்டுவார். வாயில் கடலையைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் முணுமுணுக்க முடியும்?

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். உயரத்தில் நிற்கிற ஆளைக் கீழிருந்து பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். "பேரைச் சொன்னா மனுஷன் திரும்புவான். அது அவன் தப்பு இல்ல. பொறந்ததுல இருந்து அப்படித்தான் பழகியிருக்கான். மேல இருக்கறவன் மொதல்ல பிடிக்கணும், அப்புறம்தான் திரும்பணும்" என்பார். அதனால் எங்கள் தளத்தில் விசில்தான். ஒரு முறை ஊதினால் மேலே இருப்பவர்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு இரண்டு கையாலும் பக்கத்துக் குழாயைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது முறை ஊதினால் கீழே பார்க்கலாம். அதன் பிறகே பேச்சு. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கும் இதே முறைதான். ஆரம்பத்தில் எல்லாருக்கும் இது பெரிய சிரிப்பாக இருந்தது. பழகிய பிறகு, தெருவில் போலீஸ்காரர் விசில் ஊதினால்கூட எங்கள் ஆட்கள் பக்கத்தில் இருக்கும் கம்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கவைத்துக் கொஞ்ச நேரம் பேசுவேன். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'பிரேயர்'. தாமதமாக வருகிறவர்கள் வாசலிலேயே, "பிரேயர் முடிஞ்சிச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பிரேயரில் நான் அதிகம் பேசியது பெல்ட்டைப் பற்றி. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கான அந்தப் பெல்ட் இடுப்பில் மட்டும் கட்டுவது அல்ல. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும். முதுகிலிருந்து இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. ஒன்றைக் கழற்றும்போது மற்றொன்று மாட்டியிருக்க வேண்டும். நகரும்போது ஒரு கணம்கூட இரண்டும் கையில் இருக்கக் கூடாது. கொக்கியைத் தலைக்கு மேலே மாட்ட வேண்டும், காலடியில் அல்ல. காலடியில் மாட்டினால் விழுகிற தூரம் அதிகமாகும்.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, ஒன்றையும் செய்யாமல் மேலே ஏறுகிறவர் முனிரத்தினம். நகரிப் பக்கத்து ஆள். சாரம் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயைத் தோளில் வைத்து, மாடிப்படி ஏறுவதுபோல ஏறுவார். அவர் மாட்டாததால் மற்றவர்களும் மாட்டவில்லை. அவர் மனைவி கௌரி அதே தளத்தில் சித்தாள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு கலவை சுமப்பார்.

"அண்ணா, பெல்ட் எங்கே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"லுங்கிக்கு மேல தொடைக்கு ஒரு பட்டை, அந்தாண்ட ஒரு பட்டை. ஆம்பளை எப்டிம்மா நடப்பான்? தாறு பாய்ச்சிகினு நாடகத்துல ஆட்றவன் மாதிரி கீது."

"பேன்ட் போட்டுக்கலாமே."

"பேன்ட் போட்டா இன்ஜினியர்னு நெனச்சிகினு எல்லாரும் எங்கிட்ட சிமெண்டு கேக்கறாங்க."

கௌரி கலவைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தாளு கல்யாணத்துக்கே பேன்ட் போடலம்மா. நீ வேற."

நான் விடாமல் தொந்தரவு செய்ததில், ஒரு கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, "ஆங், மாட்டிக்கினேன். திருப்தியா?" என்றார். இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது ஒன்றும் கட்டாததற்குச் சமம், சில சமயம் அதைவிட மோசம். விழுகிறபோது உடம்பின் முழு எடையும் அந்த ஒரு கயிற்றில் இறங்கும். இதை எப்படிச் சொல்லியும் அவர் நம்பவில்லை.

இதற்கிடையில் சித்திரை மாதம் நான் நாலு நாள் விடுப்பில் போனேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம், தலைசுற்றல் இருந்தது. திரும்பி வந்த அன்று பிரேயரில் எல்லாரையும் கட்டடத்தைப் பார்த்து நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் கிழக்கு மூலையில், எல்லாவற்றுக்கும் மேலே, சூரியனுக்கு எதிரே ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கண் கூசியது. ஆனாலும் தோளில் பட்டை, தொடையில் பட்டை, தலைக்கு மேலே குழாயில் கொக்கி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"எல்லாரும் மேலே பாருங்க. அதோ அந்த அண்ணனைப் பாருங்க. எவ்வளவு சரியா மாட்டியிருக்கார். அவரை மாதிரி எல்லாரும் மாட்டினா நான் இங்கே நின்னு கத்த வேண்டியதே இல்லை" என்றேன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஆமாம்மா, அவன் தங்கமான ஆளு. பீடி கூட கேக்க மாட்டான்" என்றார் முனிரத்தினம்.

அதன் பிறகு எழுந்த சிரிப்பில் கலவை இயந்திரத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் புகழ்ந்தது திருஷ்டி பொம்மையை. நான் இல்லாத நாட்களில் கட்டியிருக்கிறார்கள். வைக்கோல் உடம்பு, பழைய பேன்ட் சட்டை, தலைக்கு ஒரு மண்சட்டி, அதில் சுண்ணாம்பால் கண்ணும் கரியால் மீசையும். தையல் விட்டுப்போனதால் தூக்கிப் போடச் சொல்லியிருந்த ஒரு பெல்ட்டை முனிரத்தினம் எடுத்து, நான் பாடம் நடத்திய முறையில் ஒரு பட்டையும் தவறாமல், அதற்குப் போட்டுவிட்டிருந்தார். பாடம் அவர் காதில் விழாமல் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

பரந்தாமன் சாரிடம் போனில் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தாங்க இல்ல? அதை விட்டுடாதே" என்றார்.

நானும் விடவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி அதிகமாக வேலை செய்துவிட்டது. எல்லாரும் பார்க்கிற பொம்மையை வைத்தே பாடம் நடத்தினால் என்ன? பேன்ட்டிலும் சட்டையிலும் மணல் பைகளைத் திணித்து ஓர் ஆளின் எடைக்குக் கொண்டுவந்து, முதலில் முனிரத்தினம் கட்டுவதுபோல இடுப்பில் கயிறு கட்டி இரண்டாம் தளத்திலிருந்து தள்ளிவிடுவது. பிறகு அதே பொம்மைக்கு முறையான நல்ல பெல்ட் மாட்டித் தள்ளிவிடுவது. வித்தியாசத்தை அவர்களே பார்ப்பார்கள். தள இன்ஜினியரிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார்.

"பொம்மையைத் தொடாதம்மா" என்றார் முனிரத்தினம். எப்போதும்போல வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே யாரும் வராதபடி கயிறு கட்டி மறித்தோம். இடுப்பில் கயிறு கட்டிய பொம்மையை மேலிருந்து தள்ளினார்கள். கயிறு விறைத்த இடத்தில் பொம்மை இரண்டாக மடிந்தது. பேன்ட் தனியாக, சட்டை தனியாகப் பிய்ந்தது. சட்டித் தலை கழன்று, நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே விழுந்து உடைந்தது. மீசை இருந்த சில் உருண்டு வந்து என் ஷூவுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் நினைத்ததை விட நன்றாகவே பாடம் அமைந்துவிட்டது என்று பெருமையோடு திரும்பினேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

கௌரி என் பக்கத்தில் வந்து, வயிற்றைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட. கட்டடத்து மேல வர்றதை எல்லாம் அதுதானே வாங்கிகினு நின்னுது. வயித்துல புள்ளைய வெச்சிகினு அதும் தலையை ஒடைக்கலாமா?"

இரண்டாவது பாதியை நான் காட்டவே இல்லை. பொம்மையே இல்லையே. மறுநாள் காலையில் எல்லாரும் வந்தார்கள், பிரேயருக்கு நின்றார்கள், ஆனால் யாரும் மேலே ஏறவில்லை. சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. கீழே உட்கார்ந்து கம்பி நேராக்கினார்கள், பலகையில் ஆணி பிடுங்கினார்கள், அவ்வளவுதான். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டிய வாரம் அது. தாராளமாகச் செய்யுங்கள் என்று சொன்ன இன்ஜினியர், "உங்களை யார் மேடம் பொம்மை மேல கை வைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படித்தவள், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். பொம்மை உடைந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பூக்கடைக்குப் பக்கத்தில் நின்று ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் நடந்தேன்.

பரந்தாமன் சார் அடுத்த ரயிலில் வந்தார். எல்லாரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டார். கடலைப் பொட்டலம் ஒரு சுற்றுப் போய்க் காலியாகி வந்தது. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புது பொம்மை கட்டினா ஏறுவாங்களாம்."

"கட்டிடலாம் சார்."

"கட்டினா ஏறுவாங்க. ஏறினா மாட்ட மாட்டாங்க. அதான் பொம்மை பாத்துக்குதேன்னு இருப்பாங்க. இப்ப பயந்துகினு கீறாங்க. இந்தப் பயத்தோட ஏறினா மாட்டுவாங்க. ஆனா ஏற மாட்டேன்றாங்க. நீ இன்னா சொல்ற?"

அவர் எனக்குப் பதில் சொல்லித் தருவார் என்று காத்திருந்தேன். அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியவில்லை என்று கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

நான் நேராக முனிரத்தினத்திடம் போனேன். "அண்ணா, பொம்மை கட்டுங்க. பழைய மாதிரியே. துணி நான் தரேன். ஆனா இந்தத் தடவை அதுக்குத் தூக்கிப் போட்ட பெல்ட் வேணாம். நல்ல பெல்ட் போடணும். தினம் காலையில அதோட பெல்ட்டை யாராவது பார்த்துச் சரி பண்ணணும். தலை உடைஞ்சா மறுபடி என்னைத்தானே எல்லாரும் பேசுவீங்க?"

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "பொம்மைக்கு எதுக்கும்மா நல்ல பெல்ட்டு?"

"அதுதானே நம்ம எல்லாரையும் பாத்துக்குது? அது விழலாமா?"

கௌரி பின்னாலிருந்து, "கேக்கறது நியாயம்தானேய்யா" என்றார்.

ஸ்டோர்காரர் பொம்மைக்குப் புதுப் பெல்ட் தர முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார். பரந்தாமன் சார் அவருக்கும் கடலை கொடுத்தார். நைனாவிடமிருந்து கட்டம் போட்ட லுங்கித் துணி வந்தது. அதில் சட்டை தைத்துப் பொம்மைக்குப் போட்டார்கள். வேலையாட்கள் எல்லாரையும் விடப் பொம்மைதான் அன்று புதுத்துணி போட்டிருந்தது.

மூலையில் கட்டுவதற்கு முனிரத்தினமே தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்தக் கட்டடத்திலேயே ஆபத்தான இடம் அது. மூன்று பக்கமும் வெறும் காற்று.

"நீங்க பெல்ட் மாட்டாம பொம்மையை ஏத்தக் கூடாது" என்றேன்.

அவர் அசையவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டுய்யா. பொம்மை பாக்குது" என்றார் கௌரி.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் இளகியது. முனிரத்தினம் லுங்கியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஒரு கொக்கி, மறு கொக்கி என்று மாற்றி மாற்றி ஏறினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பொம்மையைக் கட்டி, அதன் கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. பிரேயர் முடிந்ததும் யாராவது ஒருவர் மேலே போய்ப் பொம்மையின் பட்டைகளைத் தடவிப் பார்ப்பார். கீழிருந்து ஒருவர் கேட்பார்:

"பொம்மைக்கு மாட்டியாச்சா?"

"ஆங், ஆச்சு."

"உனக்கு?"

இந்தக் கடைசிக் கேள்வியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்றும் தெரியாது. ஒருநாள் நான் வந்தபோது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆடி மாதம் வந்தது. ஊர் முழுக்கக் காவடி. மலைப்படியில் போகிறவர்களின் அரோகரா சத்தம் தளத்துக்கே கேட்கும். எனக்கு எட்டாம் மாதம். மேலே ஏறக் கூடாது என்று வீட்டிலும் தளத்திலும் தடை. கீழே நாற்காலி போட்டு, கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் காலை, முன்தினம் பெய்த மழையில் பலகைகள் ஈரமாக இருந்தன. துடைத்துவிட்டு ஏறுங்கள் என்று சொன்னேன், துடைத்தார்கள். நாலாம் தளத்துக்கு வெளியே சாரத்தில் முனிரத்தினம் ஒரு குழாயை முடுக்கிக்கொண்டிருந்தார். காற்று ஒரு வீச்சாக வந்தது. பலகையின் ஒரு முனை தூக்கிக்கொண்டது. அவர் கால் போனது.

சத்தம் போடாமல் விழுந்தார். விழுந்து, ஓர் ஆள் உயரம் இறங்குவதற்குள் கயிறு விறைத்தது. கொஞ்சம் சுழன்று, நின்றார். மூன்றாம் தளத்துக்கும் நாலாம் தளத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"யோவ்" என்று கௌரி கத்தப் போனதை என் விசில் முந்திக்கொண்டது. மேலே இருந்த அத்தனை பேரும் குழாயைப் பிடித்தார்கள். யாரும் திரும்பவில்லை, யாரும் ஓடவில்லை. இரண்டாவது முறை ஊதினேன். பார்த்தார்கள். மேலிருந்து யாரும் கயிற்றை இழுக்க வேண்டாம், மூன்றாம் தளத்து ஜன்னல் திறப்புக்கு இரண்டு பேர் போங்கள், போகிறவர்கள் முதலில் உங்கள் கொக்கியை மாட்டுங்கள் என்றேன். கால் வைக்க ஒரு கயிற்றில் வளையம் போட்டு அவருக்கு நீட்டச் சொன்னேன். அதில் கால் ஊன்றி நின்றால் தொடைப் பட்டையின் இறுக்கம் குறையும். இதையெல்லாம் முன்பே ஒத்திகை பார்த்திருந்தோம். ஒத்திகையில் தொங்கியது மணல் மூட்டை.

அவர் வளையத்தில் கால் வைத்தார். மெதுவாக மூச்சு விட்டார். அவருக்கு எதிரே, கிழக்கு மூலையின் உச்சியில், கட்டம் போட்ட சட்டையோடு பொம்மை இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு கீழே என்னைப் பார்த்தார்.

"மேடம், இப்ப சொல்லுங்க. யாரு சரியா மாட்டியிருக்கான், அவனா நானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வயிற்றில் குழந்தை உதைத்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். உட்காரவைத்துப் பட்டைகளைத் தளர்த்தி, மருத்துவமனைக்கு அனுப்பினோம். தோளில் ஒரு கன்றலோடு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். விழுந்த அதிர்ச்சியைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால் வெட்டிப் போடச் சொன்னேன். அது பொம்மைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். சித்திரையில் நான் காட்ட முடியாமல் போன இரண்டாவது பாதியை, தளத்தில் எல்லாரும் பார்க்க அவரே காட்டிவிட்டார்.

அன்று பரந்தாமன் சார் கேட்டபோது, "மேடம் சொன்னாங்க, மாட்னேன்" என்றார். கௌரி கேட்டபோது, "பொம்மை தலை ஒடைஞ்சது கண்ணுலயே நிக்குது" என்றாராம். கூட வேலை செய்கிறவர்களிடம், "நீங்கதான்டா காலையில உனக்கு ஆச்சான்னு கேட்டு உயிரை வாங்கறீங்க" என்றிருக்கிறார். புரட்டாசியில் மகள் பிறந்து, பார்க்க வந்தபோது நானே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "தெரிலம்மா. கை தானா போச்சு" என்றார்.

என் பாடமா, பயமா, கூட்டாளிகளா, பழக்கமா? எது வேலை செய்தது? கீர்த்தனாவுக்கு இதில் எதைச் சொல்வது? அவளுடைய தளத்தில் பொம்மை கட்டச் சொல்வதா, உடைக்கச் சொல்வதா?

இதை நான் இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. என் மகள் மித்ரா நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து எதன் மேலாவது ஏறுவாள். நாற்காலி, கட்டில், ஜன்னல். கட்டடத்திலிருந்து விழுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கண் முன்னால் வரும். "ஏறாதே, பொம்மை மாதிரி தலை உடைஞ்சிடும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பொம்மை தொங்குகிறது. அதன் தலையைக் காட்டிச் சொல்வேன். நன்றாகவே வேலை செய்தது. அளவுக்கு மீறி வேலை செய்தது. சேர்த்துவிட்ட மழலையர் பள்ளியில் சறுக்குமரத்தின் முதல் படியில்கூட அவள் கால் வைப்பதில்லை என்று ஆசிரியை சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஏறும்போது கீழே நின்று, தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாளாம்.

போன மாதம் முனிரத்தினமும் கௌரியும் மலைக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலம் எல்லாருமாகப் பூங்காவுக்குப் போனோம். சறுக்குமரத்தைப் பார்த்ததும் மித்ரா தலையைப் பிடித்துக்கொண்டாள். முனிரத்தினம் தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"அண்ணா, இடுப்புல கட்டாதீங்க" என்றேன் என்னை அறியாமல்.

"ஆரம்பிச்சிட்டாங்கப்பா பிரேயரை" என்றார் கௌரி.

முனிரத்தினம் குனிந்து, "பாப்பாவுக்கு மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

மித்ரா துண்டைப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். "ஆங்" என்றாள். ஒரு படி ஏறினாள். திரும்பித் துண்டைப் பார்த்துவிட்டு இன்னொரு படி. உச்சியில் அவர் துண்டை அவிழ்த்து எடுத்ததைக் கவனிக்காமல் சறுக்கி வந்தாள்.

அதிலிருந்து தினமும் துண்டு. நான் கட்டுகிறேன், மறுமுனையை நான் பிடிக்கிறேன், உச்சியில் அவிழ்த்துவிடுகிறேன். போன வாரம் ஒருநாள், அவள் இரண்டாம் படியில் இருக்கும்போது, மறுமுனையைக் கையிலிருந்து விட்டுப் பார்த்தேன். எதற்காக விட்டேன் என்று தெரியவில்லை. கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். துண்டு வெறுமனே தொங்க, அவள் உச்சிவரை ஏறினாள். அங்கிருந்து, "அம்மா, மாட்டியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன்.

கொக்கி எங்கும் மாட்டாத பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறுகிற ஆளை அந்த நிமிடமே கீழே இறக்குகிறவளாக இருந்தேன் நான். இப்போது என் மகள் அப்படித்தான் ஏறுகிறாள். அவளை ஏமாற்றுகிறேனா, கற்றுக்கொடுக்கிறேனா என்று தெரியவில்லை. பிள்ளை வளர்த்தவர்கள், ஆட்களுக்கு வேலை பழக்கியவர்கள், யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். துண்டின் மறுமுனை யார் கையிலும் இல்லை என்பதை அவளிடம் எப்போது சொல்ல வேண்டும்? அதுவரை நான் கீழே எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும்?